எரிந்த கோயிலில் பகல் பன்னிரண்டு மணி

கடந்த செப்டம்பரில் இலங்கையிலுள்ள பதுளைக்குப் போனேன். ஊர் சுற்றும் ஆசையில் அல்ல. பெரியப்பா பிடித்துத் தள்ளினார். திருச்சிக்கு வருவதற்கு முன், ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். அங்கே தீயில் எரிந்து, திரும்பக் கட்டப்படாத மாதா கோயிலைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவாராம். ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பதுளை பஸ் நிலையத்தில் காலை பத்து மணிவாக்கில் ஸ்பிரிங்வெளி பஸ் கிடைத்தது. பள்ளத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்றால் சன்னலோரம் உட்காராதீர்கள். ஸ்பிரிங்வெளியில் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தேன்.

"கோயில் வரைக்கும் விட்டுர்றேங்க. பன்னெண்டு மணிக்கு மட்டும் அந்தப் பாதையில வண்டிய நிறுத்த மாட்டேன்," என்றார் ஓட்டுநர். பயம் காட்டிக் கூலியை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். சொன்ன கூலிக்கு மேல் அவர் கேட்கவில்லை.

இடுப்பளவுச் சுவர்கள், கரி படிந்த வாசல் கற்கள். சுவரை ஒட்டித் தேயிலை நிற்கிறது. உள்ளே ஒரு செடி கிடையாது. எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. பனி இறங்கியது. மேலே மலையில் கொழுந்து பறித்த பெண்களின் சிரிப்பு மட்டும் கேட்டது.

பன்னிரண்டு மணி ஆனதும் சட்டென்று சிரிப்பு நின்றது. பனிக்குள்ளிருந்து அவர்கள் என்னை நோக்கி ஓடி வந்தார்கள். கூடை இல்லை, வாயில் ஒரு சத்தம் இல்லை. பாதையில் நின்ற என்னை ஒருத்தி இடித்துத் தள்ளினாள். திருநீறு பூசியவர்களும் இருந்தார்கள். வாசலோடு நின்று, மூச்சிரைக்க உள்ளே பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போனார்கள்.

வயதான ஓர் அம்மா மட்டும் நின்றார். பெயர் ஆரோக்கியம், எழுபதை நெருங்கும் வயது.

"எங்கண்ணன்தாங்க இங்க மணி அடிக்கிறவரு. நெருப்பு புடிச்சதும் எங்களக் கூப்புட அடிச்சாரு. அப்ப மத்தியானம் பன்னெண்டு. தெனமும் அடிக்கிற ஜெப மணின்னு நெனச்சு, நின்ன எடத்துலயே முக்காடு போட்டு ஜெபம் சொன்னோம். பனியில பொகை தெரியல. மணி நிக்கவே இல்லீங்க. நாங்களும் நகரல."

அண்ணன் வெளியே வரவில்லை. அதனால்தான் இன்று வரை பன்னிரண்டுக்கு ஓடி வருகிறார்கள்.

கோயில் கட்ட வந்திருக்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க தம்பி. கட்டுனா மணி வப்பாங்க. பன்னெண்டுக்கு அடிப்பாங்க. அதக் கேட்டுக்கிட்டு நான் எப்புடிங்க இருப்பேன்?"

சாயங்காலம் பெரியப்பாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஓடியா போறாங்க?"

"ஆமா பெரியப்பா, ஓடித்தான்."

"அன்னைக்கு மலையில முன்னால நின்னு ஜெபத்த நடத்துனது நான்தான்டா. முடியிற வரைக்கும் யாரும் அசையக் கூடாதுன்னு அதட்டினேன்." அப்புறம், "கட்ட வேணாம்," என்றார்.

போகிறவர்களுக்கு: அட்டை கடிக்கும், உப்போ சோப்போ கொண்டு போங்கள். மேலே கடை கிடையாது. பன்னிரண்டு மணிக்குப் பாதையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள், படம் எடுக்காதீர்கள்.

ஜனவரியில் மறுபடியும் போகிறேன், இந்த முறை பெரியப்பாவோடு. எண்பதை நெருங்குகிறார், இரண்டு முழங்காலும் போய்விட்டது. வாசல் வரை ஆட்டோவிலேயே போகலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மலையிலிருந்து ஓடித்தான் வருவேன் என்கிறார்.