மாட்டுங்கா கிச்சனுக்குள் வந்த கோழி

1. சாஃப்ட்வேர் வந்த நாள்

கிச்சன் படம் போடுகிற சாஃப்ட்வேர் வந்த அன்று எப்படிப் பயப்படுவதென்றே எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் வருகிற பொருள் என்றால் தொட்டுப் பார்த்துப் பயப்படலாம். இதுவோ ஒரு லிங்க்கைத் தட்டியதும் அண்ணாச்சியின் லேப்டாப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அண்ணாச்சி என்பவர் மும்பை தாராவியில் எங்கள் மாடுலர் கிச்சன் ஒர்க்‌ஷாப்பின் முதலாளி. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீடு வீடாகப் போய் டேப் பிடித்து அளவெடுப்பதும், கிச்சனைக் கொண்டுபோய் மாட்டுவதும் என் வேலை. நடுவில் கவலைப்படுவேன். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

அதுவரை டிசைன் வேலையை வெளியே கொடுத்திருந்தோம். நவி மும்பை சான்பாடாவில் சுஜா என்ற பெண் வீட்டிலிருந்தே படம் போட்டுத் தருவார். அளவை அனுப்பினால் படம் உடனே வராது. முதலில் போன் வரும். "அங்கிள், கிரைண்டர் டில்டிங்கா, டேபிள் டாப்பா? சாமி எந்தப் பக்கம்? சமைக்கிறவங்க உயரமா, குள்ளமா?" எனக்குத் தெரியாது என்றால் வீட்டுக்காரர்களின் நம்பரை வாங்கி அவர்களையே கேட்பார். படம் வர நாளாகும்.

அண்ணாச்சிக்கு அதில்தான் எரிச்சல். "படம் கேட்டா அந்தப் புள்ள சாதகம் கேக்கு. நாமளே சாஃப்ட்வேர் வாங்கிட்டா பத்து நிமிசத்துல படம். அது ஒரு கேள்வி கேக்காதுல்லா."

"நடுவுல கரண்டு போச்சுன்னா அண்ணாச்சி?"

"ஏலே சொடல, நீ வாயத் தொறந்தாலே எனக்குக் கரண்டு போயிருது."

2. டிவியில் எங்கள் கிச்சன்

சாஃப்ட்வேரில் அண்ணாச்சி போட்ட முதல் படம் மாட்டுங்காவில் ஒரு மாமிக்கு. பாலக்காட்டு ஐயர் குடும்பம். அதே கட்டடத்தில் இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் கிச்சன் மாற்றக் காத்திருந்தார்கள். மாமி சரி என்றால் எல்லாம் எங்களுக்கு. வேண்டாம் என்றால் அந்த மழைக்காலம் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் பிளைவுட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வேறு ஆர்டர் இல்லை.

போகும் வழியெல்லாம் எனக்குக் கவலை. லேப்டாப்பில் சார்ஜ் நிற்குமா? என் சாக்ஸில் ஓட்டை இருக்கிறதே, ஷூவைக் கழற்றினால் தெரியுமா?

மாமி வீட்டு டிவியில் அண்ணாச்சி படத்தைப் போட்டார். அந்த நாலு வீட்டுப் பெண்களும் சோபாவில் இருந்தார்கள். கிச்சன் பளபளவென்று வந்தது.

"நன்னாத்தான் இருக்கு," என்றார் மாமி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போனார். "மேடை மேலே தட்டுல என்னமோ இருக்கே, அதென்னதாக்கும்?"

அப்போதுதான் பார்த்தோம். முழுக் கோழி. பொன்னிறமாக வறுத்து, கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு வைன் பாட்டில். அலங்காரத்துக்கு சாஃப்ட்வேரே வைத்தது. ஒர்க்‌ஷாப்பில் இந்தப் படத்தை எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழி எடுக்கிற ஆட்கள் நாங்கள். கிச்சன் என்றால் அது இருக்கத்தானே செய்யும்?

"பலாப்பழம் மாமி," என்றார் அண்ணாச்சி.

"நான் பாலக்காட்டுக்காரி. சக்கைக்குக் கால் முளைச்சு இன்னிவரைக்கும் கண்டதில்லை."

"மாமி, முதல்ல டிவியை அலம்பி விடுங்கோ," என்றது சோபாவிலிருந்து ஒரு குரல்.

மாமி சிரிக்கவில்லை. "கோழி கிடக்கட்டும். கிரைண்டர் எங்கே? ஸ்வாமி எங்கே? செம்பூர்ல என் தங்கை ஆத்துக்கு நீங்கதானே பண்ணினேள்? ஒரு பொண்ணு போன் பண்ணி ஒண்ணொண்ணாக் கேட்டாளாம். அவள் அப்படிக் கேட்டாள்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். அவள் எங்கே?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் என் சாக்ஸைப் பார்த்தேன்.

3. ஸ்பீக்கரில் சுஜா

வேறு வழியில்லை. அங்கேயே ஸ்பீக்கரில் போட்டு சுஜாவைக் கூப்பிட்டார் அண்ணாச்சி.

"சாஃப்ட்வேர் வாங்கிட்டீங்களாமே அங்கிள். சிக்கனை எடுத்தீங்களா?"

"ஒனக்கெப்படிம்மா தெரியும்?"

"நானும் அதே சாஃப்ட்வேர்தான். மாட்டுங்கா, செம்பூர்னா முதல்ல அந்தக் கோழியைத் தூக்கிட்டுத்தான் சுவரே போடுவேன்."

இத்தனை காலம் கோழி தூக்கியதற்கு அவர் பில் போட்டதே இல்லை.

பிறகு சுஜா மாமியிடம் பேச ஆரம்பித்தார். "அரைச்ச மாவை எதுல எடுப்பீங்க மாமி? எங்க வைப்பீங்க?" மாமி போனைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குக் காபி வந்தது. மறுபடியும் வந்தது. மேல் அலமாரிக் கதவு கைக்கு எட்டுமா என்று பார்க்க மாமி எழுந்து நின்று கையைத் தூக்கியபோது, ஆர்டர் கைவிட்டுப் போகாது என்று எனக்குத் தைரியம் வந்தது.

"இவள் போட்டா சரி," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார் மாமி.

"எங்காத்துக்கும் போன் பண்ணச் சொல்லுங்கோ," என்றது அதே சோபாக் குரல்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி சுஜாவை மறுபடி போனில் கூப்பிட்டார். "ஒர்க்‌ஷாப்புக்கே வேலைக்கு வந்துரும்மா."

"டெய்லி ஹார்பர் லைன் ட்ரெய்ன்ல தொங்க முடியாது அங்கிள். இந்த மாதிரி வீடெல்லாம் நான் பண்றேன். சின்னக் கிச்சனை நீங்களே போடுங்க. கேள்வி கேக்கத்தான் சொடலை அங்கிள் இருக்காரே? அவர் மனசுக்குள்ள ஓடுறதை வாய்விட்டுக் கேட்டாலே போதும்."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. டிசைனை வெளியே கொடுப்பதா, சாஃப்ட்வேர் வாங்குவதா என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைக் கேட்கிறார்கள். இரண்டும் செய்யுங்கள். ஆனால் வீட்டுக்காரர்களிடம் யார் கேள்வி கேட்கப் போகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். படம் சீக்கிரம் வரவில்லையே என்று நாங்கள் திட்டிய அந்த நாட்களில்தான் சுஜா கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி இன்றும் படத்தை முடித்ததும் நேரே அனுப்புவதில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார்:

"ஏலே சொடல, வந்து பயந்துட்டுப் போ."