நரசிம்மன் நிரப்பிய தோட்டா

அலுவலகப் படியேறும்போதே பியூன் சொல்லிவிட்டான், நரசிம்மன் போய்விட்டார் என்று. "நல்ல மனுஷன். அஜாக்கிரதையால கண்ணைப் போக்கிண்டார், பாவம்" என்றார் பக்கத்து மேஜைக்காரர். எனக்குச் சுருக்கென்றது. அவரை அறிந்து இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறீர்கள்.

சுதந்திரம் வந்த புதிதில் நாங்கள் இருவரும் மைசூரை ஒட்டிய ஓர் அரசுப் பண்ணையில் குமாஸ்தாக்கள். கரும்பைக் கடித்துப் போடும் நரிகளைச் சுட அவரிடம் லைசென்ஸோடு ஒரு சின்ன ரைபிள் உண்டு. சீமைத் தோட்டா கிடைக்காத காலம். சுட்ட பித்தளைக் கூடுகளையே அவர் வீட்டில் மறுபடி நிரப்புவார். வெங்காயம்கூடத் தொடாத வைஷ்ணவருக்கு இந்த வேலை! நான் கேலி செய்யாத நாளில்லை.

துளைப் பலகையில் கூடுகளை வரிசையாக நிறுத்தி, தட்டான் தராசில் வெடிமருந்தை எடைபோட்டு ஒவ்வொன்றிலும் கொட்டுவார். அப்போது வாய் திறக்கவே மாட்டார். "பேசினா கை மறந்துடும், ஓய்" என்பார்.

ஒருநாள் வாசலில் நின்றபடி, "மன்னி ஊர்லேருந்து எப்ப வரா?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டுவிட்டேன். மூன்றாவது வரிசையில் நடுக்கூட்டின் மேல் கை நின்றது. "சனிக்கிழமை வருவா" என்றார், மரியாதைக்காக. பிறகு அதே கூட்டில் இன்னொரு தரம் மருந்து கொட்டியதுபோல எனக்குத் தோன்றியது. இன்னும் பேசிக் கெடுக்க வேண்டாமென்று சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் மாலை ரைபிள் பின்பக்கமாக வெடித்து அவருடைய வலது கண் போயிற்று. விசாரணைக்கு வந்த அதிகாரி, நிரப்பும்போது யார் கூட இருந்தது என்று கேட்டார். "யாருமில்லை. என் அஜாக்கிரதை" என்றார் நரசிம்மன். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் சாயங்காலம் அவர் காலிக் கூடுகளை நிறுத்தி, வெறும் தராசைத் தூக்கி, இல்லாத மருந்தைக் கொட்டிக்கொண்டிருப்பார். மூன்றாவது வரிசையின் நடுவில் கை நிற்கும். குருட்டுக் கண் வாசல் பக்கம், என் பக்கம் திரும்பும். நான் வாயே திறந்திருக்க மாட்டேன். "சனிக்கிழமை வருவா" என்பார் மெதுவாக. உள்ளே அவர் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். நாளடைவில் அங்கே போவதையே விட்டுவிட்டேன்.

அவர் போன பத்தாம் நாள் மன்னியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதிரவில்லை. "தெரியும். நீங்க வரச்சே எல்லாம் அந்த இடத்துல கையை நிறுத்திக் காத்துண்டிருப்பார். நீங்க போனப்புறம், 'இன்னிக்கும் சொல்லலை'ன்னு எழுந்துடுவார்" என்றாள்.

அவருக்கு அஜாக்கிரதை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். இத்தனை வருடம் அவர் எனக்கு அவகாசம் கொடுத்தார். நான் பத்து நாள் பிந்திப் போனேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது இந்த வெட்கம்தான்.