பீலித் தண்ணீரில் மினுங்கிய படலம்

பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் மலை ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாய்க்கு அடியில் தேங்கிய நீரில், எண்ணெய் சிந்தியதுபோல் ஒரு படலம் மினுங்கியது. மேல்மலையில் அப்போதுதான் புல்லைக் கொல்ல மருந்து அடித்திருந்தார்கள். அது தண்ணீரில் இறங்கிவிட்டதோ என்று எல்லோருக்கும் சந்தேகம், எனக்கும்தான்.

நான் பதுளையில் நிலவியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தவள், குச்சியால் அந்தப் படலத்தைக் கிளறினேன். எண்ணெயாக இருந்தால் மறுபடி ஒன்றுசேர்ந்திருக்கும். இது சில்லுசில்லாக உடைந்து அப்படியே மிதந்தது.

"எண்ணெய் இல்லக்கா. பாறையில உள்ள இரும்பு தண்ணியில கரைஞ்சு வருது. வெளிய காத்துப் பட்டதும் துருவாகிப் படியுது" என்றேன் பக்கத்து வீட்டு அக்காவிடம்.

"இப்படிச் சொல்லச் சொன்னது யாரு, தோட்டத்துத் தொரையா?" என்றார் அவர். "எண்ணெய் இல்ல, சரி. மருந்தும் இல்லன்னு சொல்லுவியா?"

குச்சியை வைத்து அதைச் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டேன். அவர் கண்முன்னேயே போத்தலில் தண்ணீர் பிடித்தேன். நான் வழியில் மாற்றிவிடுவேனோ என்று, மூடியைச் சுற்றி அவரே பிளாஸ்டர் ஒட்டினார். பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் கொடுத்தேன். முடிவு வரும்வரை பெண்கள் கீழ் லயத்திலிருந்து தண்ணீர் சுமந்தார்கள்.

அடித்த மருந்து தண்ணீரில் இல்லை, இரும்புதான் இருக்கிறது என்று முடிவு வந்தது. பீலியடியில் நின்று அதைச் சொன்னேன். அக்கா ஒரு கோப்பையில் தண்ணீர் பிடித்து நீட்டினார்.

"மொதல்ல நீ குடி."

குடித்தேன். நாக்கில் ஆணியை வைத்ததுபோல் இருந்தது. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்தார்.