ஐந்து மூட்டையின் விலை

இருநூறு வண்டிகள் நிற்கக்கூடிய அந்த விற்பனைக் கூடத்துக்குக் கடைசி சில ஆண்டுகள் தவறாமல் வந்துபோனவர் ஒருவர்தான். விலைப் பலகை எழுதுவது அவர் வேலை. ஆகவே எல்லோருக்கும் அவர் பலகைக்காரர். காலை ஒன்பது மணிக்கு ஏல மணியை அடிப்பார். விதிப்படி கால் மணி நேரம் காத்திருப்பார். பிறகு சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து, "மக்காச்சோளம்: வரத்து இல்லை" என்று எழுதுவார். நனைத்து எழுதினால் எழுத்து முதலில் மங்கலாகத் தெரியும். காய்ந்தபின் நூறடி தூரத்திலிருந்தும் படிக்கலாம். நூறடி தூரத்தில் படிக்க ஆள் இல்லாத காலத்திலும் அவர் நனைத்தே எழுதினார்.

அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். அவர் மேல் நான்கு பக்கப் புகார் மனு எழுதியவன் நான். நகல் என்னிடம் இருக்கிறது.

ஆட்கள் ஏன் வராமல் போனார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய சட்டப்படி விளைச்சலை அந்தக் கூடத்தில்தான் விற்க வேண்டும். வெளியே விற்றால் அபராதம். என் வயல் வரப்பில் வைத்துப் பன்னிரண்டு மூட்டையைப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரருக்குக் கொடுத்ததற்காக நான் ஒருமுறை அபராதம் கட்டியிருக்கிறேன், ரசீது இருக்கிறது. யாரும் யாருக்கும் எங்கேயும் விற்கலாம் என்று புதிய சட்டம் வந்தபோது மகிழ்ந்தவர்களில் நான் முதல் ஆள். இன்றும் அந்தச் சட்டத்தை நான் பழிக்கவில்லை. என் பொருளை என் விருப்பப்படி விற்பது குற்றம் என்பதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை.

தீவன ஆலையின் கொள்முதல்காரர் வீட்டுக்கே வந்தார். "அண்ணே, இனிமே நீங்கதான் ராஜா. வண்டி உங்க களத்துக்கே வரும். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க," என்றார். முப்பத்தொரு பேர் போட்டோம். ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவை நான் மட்டும் இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் புரிந்துவிட்டதாக நினைத்தேன். சரக்கை ஒப்படைக்கும் நாளன்று கூடத்துப் பலகையில் உள்ள விலையே விலை. வரத்து இல்லாத நாளில் அதற்கு முந்தைய விலை. நியாயமாகத்தான் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் கூடத்தை விட்டு வெளியேறிய பிறகு அந்தப் பலகைக்கு விலை எங்கிருந்து வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் ஆண்டு அறுவடைத் தொடக்கத்தில் கூடத்துக்கு ஐந்தே ஐந்து மூட்டை வந்து ஏலம் போயிற்று. அன்று பலகையில் ஏறிய விலை முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மறுநாளிலிருந்து மீண்டும் வரத்து இல்லை. ஆக, எங்கள் முப்பத்தொரு பேரின் சோளமும் அந்த ஐந்து மூட்டை விலைக்கே போயிற்று.

கோபம் வந்தால் நான் செய்யும் காரியம் எழுதுவது. முப்பத்தொரு எடைச் சீட்டுகளின் நகலையும் இணைத்து, பலகைக்காரர் ஆலையிடம் கைநீட்டிவிட்டுப் பொய் விலை எழுதினார் என்று மனு கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதியது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அவரைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஓய்வு பெற அவருக்கு ஓராண்டு இருந்தது. குற்றம் உறுதியானால் ஓய்வூதியம் போய்விடும்.

விசாரணையில் அவர் தன்னைக் காத்துக்கொள்ள எதுவும் பேசவில்லை. கூடத்தின் பதிவேட்டை மேசைமேல் வைத்து, என்னையே படிக்கச் சொல்லும்படி அதிகாரியிடம் கேட்டார். நான் நின்றுகொண்டே படித்தேன். விலை, பலகையில் இருந்த அதே விலைதான். பக்கத்தில், குறிப்பு என்ற கட்டத்தில், பொடி எழுத்தில் இருந்தது: "ஐந்து மூட்டை. ஈரம் நூற்றுக்கு இருபத்திரண்டு. விற்றவரும் வாங்கியவரும் ஒரே வண்டியில் வந்தார்கள். ஒரே வண்டியில் போனார்கள். மூட்டைகளும் அதே வண்டியில் போயின."

அறையில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரச் சோளத்தைத் தங்களுக்குள்ளேயே விற்று வாங்கி விலையை இறக்கியிருந்தார்கள்.

"இதைப் பலகையில ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"பலகையில விலைக்கு மட்டுந்தாங்க கட்டம் இருக்கு," என்றார். "பதிவேடு இங்கயேதான் இருந்தது. நீங்க வந்து கேப்பீங்கன்னு நெனச்சேன்."

என் நான்கு பக்கங்களில் எல்லாவற்றுக்கும் சான்று இருந்தது, அவர் கைநீட்டினார் என்ற ஒரு வரியைத் தவிர. அன்றே மனுவைத் திரும்பப் பெற்றேன். அவரை மீண்டும் பணியில் சேர்த்தார்கள். நான் விலைபோய்விட்டதாக மற்ற முப்பது பேரும் சொன்னார்கள். அதன்பிறகு தேநீர்க் கடை பெஞ்சில் எனக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. விசாரணையால் விளைந்தது ஒன்றுதான்: பலகையில் ஈரத்துக்கும் ஒரு கட்டம் போட உத்தரவாயிற்று.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. மனைவி இறந்து ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. மகள் தூரத்து நகரத்தில். நான் இருக்கும்போதே அவள் போனில் கூப்பிட்டாள். "இன்னைக்கு விலை என்னப்பா?" என்ற குரல் எனக்கும் கேட்டது. "வரத்து இல்லம்மா." "சரிப்பா. சாப்டீங்களா?" அவ்வளவுதான். சிறுமியாக இருந்தபோது பள்ளி விட்டதும் கூடத்துக்கு வந்து அவள்தான் பலகையைத் துடைப்பாளாம். விலை கேட்கும் பழக்கம் அப்போது வந்தது.

நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, "அந்த மனுவோட நகல் இருக்கா?" என்றார்.

"இருக்கு. எதுக்கு?"

"ஒண்ணு குடுங்க. முப்பத்தேழு வருஷ வேலையில என்னப் பத்தி நாலு பக்கம் யாரு எழுதியிருக்கா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டார். "அடுத்த அறுவடையோட நான் எறங்கிடுவேன். நான் போறப்போ பலகையில கடைசியா அந்த அஞ்சு மூட்டை விலைதான் நிக்கும். அதுதாங்க உறுத்துது."

வீட்டுக்கு வந்து ஏழாவது பிரிவை மூன்றாம் முறை படித்தேன். வரத்து இல்லாத நாளில் முந்தைய விலை. வரத்து இருந்தும் விலை படியாத நாளில்? ஒப்பந்தம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த அறுவடையில், ஒப்பந்தத்தில் சேராத மேட்டு வயலின் ஏழு மூட்டையை நன்றாகக் காயவைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். பலகைக்காரர் ஈரம் பார்த்தார். மணி அடித்தார். வெற்றுக் கூடத்தில் அந்த ஓசை மூலைக்கு மூலை போய்த் திரும்பி வந்தது. கால் மணி நேரம் இருவரும் காத்து நின்றோம். அவர் எழுதினார்: "வரத்து ஏழு மூட்டை. ஈரம் பதின்மூன்று. கேட்டவர் இல்லை." விலைக் கட்டத்தை வெறுமையாக விட்டார்.

அதைத் தாளில் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தார். என்னோடு பேசாத முப்பது பேருக்கும் அதன் நகலைத் தபாலில் அனுப்பினேன். உடன் ஒரே வரி: பலகையில் விலை இல்லை, விலை வரும்வரை ஒப்படைக்க வேண்டியதில்லை. பேச்சுதான் நின்றிருந்தது, படிப்பு நிற்கவில்லை. ஒருவர் களத்திலிருந்தும் வண்டி நகரவில்லை.

"மூட்டைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க," என்றார் பலகைக்காரர். "விக்காத சரக்கு மறுநாளும் வரத்துதான். விதியில இருக்கு."

அதே ஏழு மூட்டையோடு பதினொரு நாள் இருந்தோம். இரண்டாம் நாள் தன் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் போட்டார். அவர் மணிக்கடியில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். நான்காம் நாள் கொள்முதல்காரர் வண்டியில் ஐந்து மூட்டையோடு வந்தார்.

"ரெண்டு பேரும் சேந்து கடை போட்டுட்டீங்க போல. யாவாரம் எப்படி?"

பலகைக்காரர் ஈரமானியைக் கையில் எடுத்தார். "எறக்குங்க. ஈரத்தைப் பாத்து எழுதிடறேன்."

கொள்முதல்காரர் பலகையின் புதிய கட்டத்தைப் பார்த்தார். அது ஈரச் சோளத்தின் விலை என்பது இனி பலகையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். வண்டி வந்த வழியே திரும்பிற்று.

பன்னிரண்டாம் நாள், ஆலையில் அரைக்கச் சோளம் இல்லை. மணி அடித்த ஐந்தாம் நிமிடம் கொள்முதல்காரரே வந்து நின்று ஏலம் கேட்டார். மறுத்தேன். ஏற்றினார், மறுத்தேன். மூன்றாவதாகச் சொன்ன விலை, அந்த ஐந்து மூட்டை வந்ததற்கு முந்தைய ஆண்டின் விலையைவிடச் சற்று மேல். ஒப்பினேன். பலகைக்காரர் சாக்பீஸை நனைத்து எழுதினார். எழுத்து காயும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் மகளைக் கூப்பிட்டார். எதிர்முனையில் மணி அடித்து ஓய்ந்தது. "வேலையில இருப்பா," என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முப்பது பேரும் அந்த விலைக்கே போட்டார்கள். ஆலைக்குத் தேவை இருந்தது, விலை ஏறிற்று என்று பேசிக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான். கூடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். வழியனுப்ப நான் ஒருவன்தான் போயிருந்தேன். பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, "அந்த நகலை நீங்க தரவே இல்லையே," என்றார்.

அதை நான் இன்னும் கொடுக்கவில்லை. பதிலாக இதை எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தில் இதுவும் நான்கு பக்கம்தான் வருகிறது. இதில் ஒவ்வொரு வரிக்கும் சான்று இருக்கிறது.