ஒழுகல் முருகன்

ஜாலான் புசார் தெருவில் எனக்கு மூன்று ஹார்ட்வேர் கடைகள், மூன்றும் பள்ளிக்கூடம் பார்க்காத இந்தக் கையால் சம்பாதித்தவை. இன்று அங்கே ஒரு தார் டின்னைத் திறந்ததும், மழைக்கு முன் அம்மா கூரை ஓட்டைகளில் தார் பூசிய ஆற்றோரத் தகர வீட்டு வரிசை மூக்கில் ஏறிவிட்டது. இப்போது அங்கே அடுக்குமாடி. அன்று குழாயடியில் "முருகா" என்றால் மூன்று பேர் திரும்புவோம் என்பதால் பெண்கள் ஆளுக்கோர் அடைமொழி வைத்திருந்தார்கள். எவ்வளவு பூசியும் நிற்காத சொட்டுச் சத்தத்தால் நான் ஒழுகல் முருகன், என் கூட்டாளி ஆட்டு முருகன். வீடுகளை இடித்தபின் அவனைப் பார்க்கவேயில்லை.

அவன் தேடினால் நான் கிடைக்க வேண்டுமென்று, சமூக வலைத்தளத்தில் என் பெயரில் ஒரு கணக்குத் திறக்கச் சொல்லி மகளிடம் போனைக் கொடுத்தேன்.

"முருகன்ங்கிற பேரை யாரோ எடுத்துட்டாங்கப்பா. பின்னாடி நம்பர் போடலாமா?"

"நான் என்ன பஸ்ஸா? ஒழுகல் முருகன்னு போடு. அவனுக்குத் தெரியும்."

"இங்கிலீஷ்லதான் எடுக்கும் லா. 'ழ'வுக்கு இசட்-எச் போடவா, எல் போடவா? அவரு எப்படித் தேடுவாரு?"

நூறு வகை ஆணியைத் தொட்டே சொல்லிவிடும் நான் இதில் எந்த எழுத்தைச் சொல்வேன்? அந்தப் பெயரை எங்களில் யாரும் எழுதியதே இல்லை.