இரண்டாம் பாகத்தில் வராத மனிதர்

அந்தக் கொரியக் குற்றப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது பிடித்திருந்ததாம். முதல் பாகத்தைவிட மேல் என்று எழுதியவர்களும் உண்டு. கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில் மட்டும் அது படுதோல்வி அடைந்தது. அதற்குப் படத்தை எடுத்தவர்கள் பொறுப்பல்ல. முதல் பாகத்தை எங்களுக்குச் சொன்னவர் என் மாமா.

மாமா அம்மாவுக்கு மூத்தவர். கொரியாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டுத் திரும்பி, ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கும் முற்றம் ஒன்றில் மேற்பார்வையாளராகச் சேர்ந்திருந்தார். மெஷினை நிறுத்து, கையை எடு, சாப்பிட்டாயா என்பவற்றுக்கு மேல் அவருக்கு அந்த மொழி தெரிந்திருக்குமா என்பது இப்போது எனக்குச் சந்தேகம். அப்போது இல்லை. வெள்ளவத்தையில் வாங்கும் கொப்பி டிஸ்குகளில் சப்டைட்டில் இருக்காது. மாமா டீவிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சத்துக்கு ஒருதரம் படத்தை நிறுத்திக் கதை சொல்வார். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் முன்னறைத் தரையை நிரப்பிவிடுவார்கள். மேல்மாடி ரீச்சருக்கு மட்டும் சோபா.

சின்னம்மா, அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவது அவருடைய வேலை. அவருடைய கணவர் நீர்கொழும்புக்கு அப்பால் ஏதோ ஒரு கரையிலிருந்து மீன்பிடிப் படகில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டவர். படகில் ஏறுவதற்கு முன் போன் எடுத்தார், அதன்பிறகு இல்லை. இரண்டு வருடத்துக்கு மேலாகியும் எங்கள் வீட்டில் சித்தப்பா உயிரோடு இருந்தார். அவருடைய சேர்ட்டுகள் துவைத்து மடிக்கப்பட்டன. சின்னம்மாவின் கந்தோரில் மனைவியை இழந்த ஒருவர் அவரைப் பற்றி விசாரித்துக் கலியாணம் பேச ஆள் அனுப்பியபோது, அம்மா வந்தவருக்குத் தேத்தண்ணி கூடக் கொடுக்கவில்லை. “அவளுக்கு மனிசன் இருக்கிறார்” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். சின்னம்மா அப்போது குசினியில், அடுப்புக்கு முன்னால் நின்றார்.

முதல் பாகத்தின் கதை ஒரு துறைமுகத்தில் நடந்தது. தொழிலாளி ஒருவர் காணாமற்போகிறார். அவருடைய மனைவி பொலிஸ் நிலையத்தின் படியில் ஏறி இறங்குகிறாள். ஒரு இளம் அதிகாரி தேடத் தொடங்குகிறான். இவ்வளவும் மாமா சொல்லாமலே விளங்கியது. படத்தின் நடுவில் கிரேன் ஒன்று கடலுக்குள்ளிருந்து ஒரு உடலைத் தூக்கியது. முகம் தெளிவாகத் தெரிந்தது. மாமா படத்தை நிறுத்தினார். சின்னம்மா கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்த கையை மடியில் வைத்தார்.

“இது வேற ஆள்” என்றார் மாமா.

“அதே முகம்தானே?” என்றார் ரீச்சர்.

“தம்பிக்காரன், ரீச்சர். ரெட்டைப் பிள்ளையள். முன்னமே சொன்னவங்கள், நான்தான் சொல்ல மறந்திட்டன்.”

அதற்குப் பிறகு மாமாவுக்கு வேலை கூடிவிட்டது. செத்த வீட்டில் அந்தப் பெண் விழுந்து அழுததற்கு, மச்சான் அவளுக்குச் சொந்தத் தம்பி மாதிரி என்றார். அதிகாரி அவளிடம் கணவனின் சப்பாத்தைக் கொடுத்தபோது, அண்ணனும் தம்பியும் சப்பாத்தை மாற்றிப் போடுவார்கள் என்றார். கடைசிக் காட்சியில் அவள் கடற்கரையில் நின்று தூரத்தில் போகும் கப்பலைப் பார்த்தாள். மாமா மூச்சு விட்டார்.

“அந்தக் கப்பல்லதான் அவர் இருக்கிறார். ஒளிச்சுப் போறார். அடுத்த பாகத்தில வருவார்.”

படம் எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. அம்மா அதை மாதா கோயிலுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த மனிதர் எந்த நாட்டில் இறங்கியிருப்பார், மனைவிக்கு ஏன் ஒரு போன் எடுக்கவில்லை என்று மாடிப்படியில் வாதம் நடந்தது. அடுத்த பாகத்துக்காக எங்கள் தொடர்மாடி காத்திருந்ததுபோல் கொரியாவிலேயே யாரும் காத்திருந்திருக்க மாட்டார்கள்.

ஒருவாறு அது வெள்ளவத்தைக் கடைக்கு வந்தது. இந்த முறை கீழே ஆங்கில எழுத்துகள் ஓடின. மாமா ரிமோட்டின் எல்லாப் பொத்தான்களையும் அமத்திப் பார்த்தார். எழுத்து போகவில்லை. உள்ளே போய்ப் பழைய பேப்பரும் பார்சல் ஒட்டும் டேப்பும் எடுத்துவந்து, டீவியின் அடிப்பக்கத்தைக் குறுக்காக மூடி ஒட்டினார். எழுத்தைப் பார்த்தால் பிள்ளைகளின் கண் பழுதாகும் என்று காரணம் சொன்னார். ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். சின்னம்மா டேப்பின் ஒரு நுனியைப் பிடித்து மாமாவுக்கு உதவி செய்தார்.

படம் ஓடியது. அந்த மனிதர் வரவில்லை. சுவரில் மாட்டிய படத்தில் மட்டும் இருந்தார்.

“ஆள் எங்க?” என்று அம்மா கேட்டார்.

“கப்பல்ல.”

“இன்னுமோ?”

பிறகு புதிய கொலை ஒன்று நடந்தது. அதைப் பற்றி ஒருவரும் அக்கறைப்படவில்லை. அது விசாரிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண் வெள்ளைக் கவுன் போட்டு, கையில் பூச்செண்டோடு, அந்த இளம் அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றாள்.

மாமா ரிமோட்டைக் கைமாற்றினார். “இது கனவு” என்றார்.

அடுத்த காட்சியில் அவள் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது.

“கனவிலயே பிள்ளையும் பெத்திட்டாவோ?” என்றார் ரீச்சர். “மனிசன் உயிரோட இருக்கேக்க இன்னொருத்தனோட. நல்ல குடும்பம்.”

“சரியான ஆட்டக்காரி” என்றார் அம்மா. “பாவம் அந்த மனுசன், கப்பல்ல கிடந்து காயுது.”

எல்லோரும் ஒன்றாக ஏசினார்கள். எனக்கும் கோபம். நானும் ஏதோ சொன்னேன். மாமா மட்டும் அவளை ஏசவில்லை. தலையைக் குனிந்து ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா எழுந்து குசினிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

கடைக்காரன் பிழையான டிஸ்கைத் தந்துவிட்டான் என்று அம்மா முடிவு செய்தார். மாமா அதை உடனே ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை சின்னம்மாவுக்கு அரைநாள். அம்மா அவரிடமே டிஸ்கைக் கொடுத்தார். வெள்ளவத்தையில் ஐஸ்கிரீம் கிடைக்கும் என்பதால் நானும் போனேன்.

கடை, காலி வீதியில் ஒரு கட்டடத்துக்குள் ஒடுங்கிய நடைபாதையில் இருந்தது. கடைக்காரர் இளைஞர். டிஸ்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, “சரியான பார்ட்தானே, அக்கா” என்றார்.

“வீட்டில ஒருத்தருக்கும் பிடிக்கேல்ல” என்றார் சின்னம்மா. “அந்தப் பிள்ள கலியாணம் முடிச்சது பிழையெண்டு சொல்லீனம்.”

“அதுல என்ன பிழ? மொதப் படத்துலயே மாப்பிள மவுத்தாகிட்டாரே. கிரேன்ல தூக்கினாங்க, நீங்க பாக்கலயா? அந்தப் புள்ள தனியா எவ்வளவு காலம் இருக்குறது?”

“பாத்த மற்ற ஆக்கள் என்ன சொன்னவை?”

“எல்லாருக்கும் அந்த எடம்தான் புடிச்சிருக்கு. எங்க உம்மா அழுதுட்டாங்க. நல்லாயிருக்கட்டும்னு துஆவும் கேட்டாங்க, படத்துல உள்ளவளுக்கு.”

சின்னம்மா சிரித்தார். டிஸ்கைத் திரும்ப எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். தனக்கும் ஒன்று வாங்கினார். கடற்கரைத் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்று, அது உருகி ஒழுகும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மாவும் மாமாவும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா டிஸ்கை மேசையில் வைத்தார்.

“டிஸ்க் சரிதான், அண்ணா.”

“அவன் உன்னைப் பேக்காட்டுறான்.”

“இல்ல. அந்த மனிசன் முதல் பாகத்திலயே முடிஞ்சார். ரெட்டைப் பிள்ள எண்டு ஒருத்தரும் இல்ல.”

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். “எனக்குச் சரியா விளங்கேல்லப் போல.”

“உங்களுக்கு விளங்கினது. எனக்கும் அண்டைக்கே விளங்கினது. நீங்கள் பாடுபட்டுச் சொன்னபடியால் நானும் கேட்டுக்கொண்டு இருந்தனான்.” சின்னம்மா குரலை உயர்த்தவில்லை. “இனிச் சொல்ல வேண்டாம், அண்ணா. அக்கா, நீயும்.”

மாமா கையும் களவுமாகப் பிடிபட்டதில் எனக்கு அளவில்லாத சந்தோசம். நான் பலமாகச் சிரித்தேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. மாமா முகத்தைத் துவாயால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு படத்துக்காக இவ்வளவு வெட்கப்பட வேண்டுமா என்று நினைத்தேன். அம்மா என்னை வெளியே போய் விளையாடச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அடுத்த ஞாயிறு பூசை தொடங்குவதற்கு முன் பாதர், வழமைபோல், மன்றாட்டுக்குக் கொடுத்த பெயர்களைச் சொன்னார். முதலில் நோயாளிகள், அடுத்தது பிரயாணத்தில் இருப்பவர்கள், கடைசியில் இறந்தவர்கள். சித்தப்பாவின் பெயர் ஒவ்வொரு மாதமும் பிரயாணிகளோடு வரும். அன்று வரவில்லை. அது இறந்தவர்களோடு வந்தபோது, பாதர் மாறிச் சொல்லிவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன். சின்னம்மா கண்ணை மூடி முழந்தாளில் இருந்தார். யாரும் எழும்பித் திருத்துவதாகத் தெரியவில்லை.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்ற பாதரிடம் நானே போனேன்.

“பாதர், நீங்கள் பிழையாச் சொல்லிட்டீங்கள். எங்கட சித்தப்பா சாகேல்ல.”

அவர் குனிந்து, “ஆர் பிள்ள உமக்குச் சொன்னது?” என்று கேட்டார்.

“மாமா” என்றேன்.

படத்தில் செய்ததை மாமா வீட்டிலும் செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.