கட்டைபறிச்சானில் ஸ்பார்ட்டா

மூதூருக்கு அடுத்த கட்டைபறிச்சான் வாசிகசாலையில் பண்டைய கிரேக்கத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்தவர் என் சம்பந்தி. அவர் மகனுக்குத்தான் என் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். புறப்படும்போது மனைவி படலை வரை வந்தார்.

"கிரேக்கரைப் பற்றி என்னவும் கதையுங்கோ. சம்பந்தியாரின்ர மனம் நோகக் கதைச்சிட்டு வராதேங்கோ. பிள்ளை அங்க இருக்கிறாள்."

எங்கள் பட்டினத்திலிருந்து குடாவைச் சுற்றிப் போகும் பஸ்ஸில் பாலங்களை எண்ணிக்கொண்டு போனேன். முன்னால் இருந்தவர் மூதூர் வருமுன்பே ஐந்து பேருக்குக் கைபேசியில் "வந்திட்டன்" என்றார்.

வாசிகசாலையில் கதிரைகள் அறுபது, ஆட்கள் பத்தொன்பது. என்னையும் சேர்த்து ஏழு பேர் பேச்சாளர்கள். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்று. வாழ்த்தியவர்கள் நேரமில்லை என்பதை நேரமெடுத்து விளக்கினார்கள். பிறகு அந்த வெக்கையில் எல்லோருக்கும் பொன்னாடை.

மலைகள் கிரேக்கரைப் பிரித்தன, கடல் சேர்த்தது என்று தொடங்கினேன். பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போக மலை ஏறவேண்டும். தீவுக்குப் போகத் தோணி போதும். ஆகவே ஊருக்கு ஓர் அரசு, அரசுக்கு ஒரு தலைக்கனம். நாங்களும் அப்படித்தான், பட்டினத்துத் துறைமுகத்தில் நின்றால் மூதூர் கண்ணுக்கு எதிரே, பஸ்ஸில் வந்தால் முதுகு முறிகிறது என்றேன். தலையாட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்ப ஆர் ஏதென்ஸ்?" என்று முன்வரிசையிலிருந்து சம்பந்தி கேட்டார்.

"பட்டினம்" என்றேன். துறைமுகம் இருக்கிறதல்லவா.

"நாங்கள்?"

"ஸ்பார்ட்டா எண்டு வையுங்கோவன். வீரர், கட்டுப்பாடான ஆக்கள்."

கைதட்டினார்கள். அந்த உற்சாகத்தில் ஸ்பார்ட்டாக்காரரின் சாப்பாட்டுக்கு வந்துவிட்டேன். பன்றி இரத்தமும் புளித்த வினாகிரியும் விட்டுக் காய்ச்சிய கறுப்புக் கூழ். அதைக் குடித்துப் பார்த்த வெளியூரான் ஒருவனுக்கு, இவர்கள் சாவுக்கு ஏன் பயப்படுவதில்லை என்பது உடனே விளங்கியதாம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் மெல்லச் சொன்னார்: "ஐயாவுக்கு மத்தியானம் சம்பந்தி வீட்டில கூழாம்." என்னையும் சம்பந்தியையும் தவிர, பதினேழு பேரும் சிரித்தார்கள்.

வீட்டில் மகள் கோப்பையை என் முன்னால் வைத்த சத்தம் அயல் வீட்டுக்கும் கேட்டிருக்கும். "மாமி விடியத் தொடக்கம் குசினியில நிக்கிறா, அப்பா."

இறால், நண்டு, மீன், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை. எட்டாவது இறாலோடு எண்ணுவதை விட்டேன். அருமையான கூழ். சம்பந்தி தன் கோப்பையைத் தொடவில்லை.

"சம்பந்தி, இது ஸ்பார்ட்டாக் கூழோ, ஏதென்ஸ் கூழோ?" என்று அவர் என்னைக் கேட்டார்.

குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது.

"ரெண்டுமில்லை. கிரீட்" என்றேன்.

"அதென்ன?"

"தெற்கால, கடலுக்கு அங்கால ஒரு தீவு. ஏதென்ஸ்காரர் ஆடு மேய்ச்ச காலத்திலயே மாளிகை கட்டி நல்லாச் சாப்பிட்டவை. பானையிலகூட எட்டுக்கால் பேய்க்கணவாய் கீறி வைச்சவை. மாளிகையைச் சுற்றி மதில் கட்டேல்லை, கடல் காவல் எண்டு இருந்தவை."

சம்பந்தி யோசித்தார். "அப்ப நாங்கள் உங்களுக்கு மூத்தவை."

பட்டினத்தில் பிறந்த எனக்குக் கூழ் இறங்கிய தொண்டையில் அது இறங்க மறுத்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்" என்றேன்.

"அவருக்கு இன்னும் ரெண்டு அகப்பை விடுங்கோ" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, தன் கோப்பையை எடுத்தார்.

இப்போது சம்பந்தி பட்டினத்துக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. முதல் வாய் வைத்ததும், "ஆடு மேய்ச்ச ஆக்களுக்கு இது பரவாயில்லை" என்கிறார். அது என்ன கதை என்று மனைவி இதுவரை நான்கு தரம் கேட்டுவிட்டார். நான் சொல்லவில்லை.